வருசம் பூரா மாலை

சாமிக்கு மாலை போடுகிறவர்களில் பல ரகம் உண்டு. வேண்டுதலுக்காகப் போடுகிறவர்கள் ஒரு ரகம். ஒரு மண்டலமாவது குடிக்காமல் இருக்கட்டும் என்று பெண்டாட்டி கெஞ்சிப் போடவைத்தவர்கள் இன்னொரு ரகம். கூட்டாளிகள் எல்லாரும் கிளம்புகிறார்கள், வேனில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சொந்தப் பெண்டாட்டியிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக மாலை போட்டவன், எனக்குத் தெரிந்து, பாப்பாரப்பட்டித் திருமால் ஒருவன்தான்.

ஒளிந்தான் என்றதும் கோகிலாவை அடங்காப்பிடாரி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அத்தை மகள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவனை மாமா என்று கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் அதே மாமாவாக வைத்துக்கொண்டவள். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் சண்டைக்காரியாக இருந்திருந்தால் திருமாலின் பாடு சுலபமாக முடிந்திருக்கும். ஒருநாள் மல்லுக்கு நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள், உண்மை தானாக வெளியே வந்து விழுந்திருக்கும். அவளோ ஒன்றும் கேட்காதவள். அவள் கேட்காமல் இருக்க இருக்க, அவன் நெஞ்சு அரித்தது.

கதை தொப்பூர் இறக்கத்தில் தொடங்குகிறது. அப்போது திருமால் பெரிய லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் போன வண்டி திடீரென்று குறுக்கே நின்றது; இவன் ஸ்டியரிங்கை ஒடித்தான்; லாரி தடுப்புச் சுவரில் சாய்ந்தது. உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. லாரி ஓனர் காட்டிய ஒரு டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "வலி இருக்கிற வரைக்கும் போட்டுக்கங்க" என்றார். வலி எப்போது இல்லாமல் இருந்தது? போனபோதெல்லாம் அதே மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். இவனும் அவர் சொன்னதற்கு மேலே ஒன்றுகூடப் போட்டதில்லை. அந்த விஷயத்தில் அவன் ரொம்ப ஒழுங்கானவன். அப்படியே வருடங்கள் ஓடின. லாரியை விட்டுவிட்டு ஒரு குட்டியானை வண்டி வாங்கி, பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தான். மாத்திரை போட்டால் மனிதன், போடாவிட்டால் வேப்பமரத்தடியில் சுருண்டு கிடக்கும் சாக்குமூட்டை.

மகள் பாரதி சேலத்தில் படிக்கிறவள். ஒரு லீவுக்கு வந்திருந்தபோது, "அப்பா, நீங்க பேசும்போதே கண்ணு செருகுது. எனக்குப் பயமா இருக்குது" என்றாள். அந்த ஒரு சொல்தான் அவனைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது. அங்கே டாக்டர் அமுதவல்லி என்ற அம்மாள் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாதக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக நிறுத்தினார். அந்த மாதங்களைத் திருமால் இன்றும் மறக்கவில்லை. வேர்த்துக் கொட்டும், குடல் புரட்டும், தூக்கம் வராது, எலும்புக்குள் எறும்பு ஊரும். கோகிலாதான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள், நனைந்த சட்டையை மாற்றிவிட்டாள், அவன் எரிந்து விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கடைசி மாத்திரையும் நின்றபோது தெருவுக்கே பொங்கல் வைத்துக் கொடுத்தாள். "எம்மாமா திரும்பி வந்துட்டாரு" என்று பக்கத்து வீட்டு ராமக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திரும்பி வந்தது பாதிதான் என்பது திருமாலுக்கு மட்டும் தெரிந்தது.

ஒரு தக்காளிப் பெட்டியைத் தூக்கினால் தோள் தொங்கியது. இரண்டு நாளைக்கு ஒருதரம் மழிக்கும் தாடி வாரம் ஆனாலும் வளரவில்லை. டிவியில் யாரோ யாருக்கோ கல்யாணம் செய்துவைத்தால் இவனுக்குக் கண் நிறைந்தது. கோகிலா பக்கத்தில் வந்து படுத்தால் உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. ஆசை என்ற ஒன்றே எங்கோ வழியில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. மாத்திரை போட்ட காலத்திலும் அப்படித்தான். ஆனால் அப்போது சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. வலி, மாத்திரை மயக்கம், நாளைக்குப் பார்க்கலாம். அவளும் பொறுத்திருந்தாள். இப்போது மாத்திரையும் இல்லை, மயக்கமும் இல்லை. சாக்கும் போய்விட்டது.

டாக்டர் அமுதவல்லியிடம் வாயைத் திறக்கவே அவனுக்கு மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது. பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒருவழியாக, சோர்வாக இருக்கிறது, எதிலும் நாட்டமில்லை என்று சுற்றி வளைத்துச் சொன்னான். அந்த அம்மாளுக்கு அதுவே போதுமாயிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார். சில வாரம் கழித்து இன்னொரு தரமும் எடுக்கச் சொன்னார்.

"ஆம்பளங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் இருக்குதுங்க. வருசக்கணக்கா அந்த வலி மாத்திரை போட்டா அது கொறஞ்சுபோவும். உங்களுக்கு நல்லாவே கொறஞ்சிருக்குது. நிறுத்தினப்பறம் நெறைய பேருக்கு மெல்லத் திரும்பும். நாளாவும். திரும்பலன்னா வைத்தியம் இருக்குது, பாத்துச் செய்யலாம். சுவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸப் பாத்து லேகியம் கீகியம் வாங்கித் தின்னுடாதீங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "வூட்ல சொல்லிட்டீங்களா?" என்றார்.

"சொல்லிட்டங்க" என்றான் திருமால். கேட்ட கையோடு பொய் வந்தது.

"நல்லது. அடுத்த தடவ அவங்களயும் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேருகிட்டயும் பேசணும்."

அடுத்த தடவை என்பதே வரவில்லை. கோகிலாவைக் கூட்டிப்போனால் அவள் முன்னால் அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கூட்டிப்போகாமல் போனால் ஏன் என்று கேட்பார். இரண்டுக்கும் பயந்து திருமால் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மெல்லத் திரும்பும் என்றாரே, திரும்பட்டும், அதுவரை தள்ளிப்போடுவோம் என்று நினைத்தான். நோயை மறைத்தவன் வைத்தியத்தையும் சேர்த்துத் தொலைத்தான்.

தள்ளிப்போட வழி சொன்னது குருசாமி பச்சியப்பன். சந்தைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். வருடம் தவறாமல் மலைக்குக் கூட்டிப்போகிறவர். கார்த்திகை பிறக்க இருந்தது. "ஏம்பா திருமாலு, வர்றியா இந்த வருசம்? உயிர் பொழச்சதுக்கு ஒரு தடவ வந்து ஐயன பாத்துட்டு வா. பிரம்மச்சரியம் மட்டும் சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்" என்று அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது திருமாலுக்கு. அன்றைக்கே மாலை வாங்கினான்.

கோகிலாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டைக் கழுவி, அவனுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, முன்னறையில் தனிப் பாய் எடுத்து வைத்தாள். அன்று முதல் அவனை மாமா என்று கூப்பிடவில்லை. "சாமி, சாப்பாடு ரெடி. சாமி, குளிக்கத் தண்ணி வெளாவி வெச்சிருக்கன்" என்று எட்ட நின்று கூப்பிட்டாள். பாயில் படுத்தபோது திருமாலுக்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், யாரும் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவன் பிற்பாடு அதிகமாக வெட்கப்பட்டான்.

அந்த முதல் மாலையின்போதுதான் இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் கோகிலா வீட்டுக்குள் வரவில்லை. மாலை போட்ட வீட்டில் அது முறை. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாமான் அறையில் கோணியை விரித்துப் படுத்துக்கொண்டாள். மார்கழிக் குளிர். ராமக்கா சோறு கொண்டுவந்து கொடுத்தாள். திருமால் உள்ளே கதகதப்பாகப் பாயில் கிடந்து அவள் இருமுவதைக் கேட்டான். போலிச் சாமி வீட்டுக்குள்ளே, பொய் சொல்லத் தெரியாதவள் கொட்டகையில். எழுந்துபோய் உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் காதுவரை போர்த்திக்கொண்டான்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம், கோகிலா தலைகுளித்து, பாரதி வாங்கிக்கொடுத்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். திருமால் அதைப் பார்த்தான். 

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறதா வேண்டியிருக்கன். நாளைக்கே மாலை போடணும்" என்றான்.

 அவள் தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு, தொடுத்ததில் மிச்சமிருந்த சரத்தை முருகன் படத்துக்குச் சாத்தினாள். "நல்லதுதான் சாமி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாலை நாளைக்குத்தான், ஆனால் அவள் அதற்குள் சாமி என்று கூப்பிட்டுவிட்டாள். திருமாலுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் மறுநாள் மாலை போட்டான்.

தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம். பங்குனி முடிந்தால் ஆடிக் கிருத்திகைக் காவடி. புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம். அப்புறம் மறுபடி கார்த்திகை. நம் நாட்டில் சாமிகளுக்கா பஞ்சம்? ஒரு சாமி இறக்கிவிட்டால் இன்னொரு சாமி ஏற்றிக்கொள்ளும். நடுவில் மாலை இல்லாத நாட்கள் வந்தால் பெங்களூருக்கு லோடு பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

ஊர் மெச்சியது. "பேரு பெருமாளு, இடுப்புல முருகன் வேட்டி, வாயில சரணம். ஒரே ஆளுக்குள்ள மூணு சாமி" என்று பச்சியப்பன் கேலி செய்தாலும், பஜனையில் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார். பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து, "சாமி கையால திருநீறு வெய்யுங்க" என்றார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குழந்தை நெற்றியில் விரல் பட்டதும் திருமாலுக்குக் கை கூசியது. சாமி முன்னால் கண்ணை மூடி நின்றால் அவன் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "உன்ன வெச்சு அவள ஏமாத்தறன். என்னை என்னா வேணும்னாலும் பண்ணு, அவள ஒண்ணும் பண்ணிடாத."

கோகிலாவின் சிரிப்பு நாலு வீட்டிலிருந்து இரண்டு வீட்டுக்குச் சுருங்கியது. பிறகு சொந்த வீட்டுக்குள்ளேயே கேட்கவில்லை. மெலிந்தாள். திருமால் பார்த்தான். ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. முதல் மாலைக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடச் சாமான் அறைக்குப் போகவில்லை. வயசு ஆகிறது, நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாற்பதுகூட ஆகாதவளுக்கு எப்படி நிற்கும் என்று அவன் புத்தி கேட்கத்தான் செய்தது. அதைப் பற்றிப் பேசப்போனால் பேச்சு வேறெங்கோ போகும் என்று புத்தியை அடக்கினான். இந்த ஒன்றுக்கு மட்டும் அவன் தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

இரண்டாவது வருட ஆடியில், காவடி மாலையோடு மண்டியில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தபோது ராமக்கா போன் செய்தாள்.

"தம்பி, கோகிலா வாசல்ல வுழுந்துட்டா. ஒரே ரத்தமா போவுது. நூத்தியெட்டுல ஏத்தியாச்சு, தர்மபுரிக்கு வந்துடு."

செருப்பில்லாத காலோடு, பச்சை வேட்டியும் துளசி மாலையுமாகத் திருமால் ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். கோகிலா வெளுத்துப்போய்க் கிடந்தாள். சிஸ்டர் அவள் கையில் ஊசி இறக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திர ஏதாச்சும் போட்டீங்களாம்மா? மறைக்காம சொல்லணும்."

கோகிலா புருசனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "தள்ளிப்போற மாத்திரைங்க."

"எதுக்கு?"

"இவரு மாலை போட்டிருப்பாருங்க. வூட்ல தீட்டு ஆவக்கூடாதுன்னுட்டு. மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க."

"கோயில் விசேஷத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவ போடறது வேற. எம்மா நாளா போடறீங்க?"

"மாலை இருக்கிறப்பல்லாம் போடுவங்க. போன வருசம் தையிலருந்து."

சிஸ்டர் திரும்பித் திருமாலை மேலிருந்து கீழே பார்த்தார். "வருசம் பூரா யாருய்யா மாலை போடுவாங்க?"

 எட்டு வருடம் மாத்திரை தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவன் அவன். மாத்திரை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? அவன் மறைத்து வைத்த ஒரு பொய்க்காக, அவன் வீட்டுக்குள்ளேயே, அவன் பெண்டாட்டி மாதாமாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் மாற்ற வேண்டியிருந்தது. அவன் குனிந்து அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தான். அந்த நிலையிலும் கோகிலா உடம்பை உதறி விலக்கினாள்.

"தொடாதீங்க சாமி. ரத்தம். மாலைக்கு ஆவாது."

திருமால் நிமிர்ந்தான். தலைவழியாக மாலையைக் கழற்றினான். குருசாமி இல்லை, சந்நிதி இல்லை, தேங்காய் உடைக்கவில்லை. கழற்றிய மாலையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவளைத் தூக்கினான். பலமில்லாத தோள்தான், ஆனாலும் தூக்கினான்.

"ஐயோ, குத்தமாயிடும் சாமி" என்று அவள் அழுதாள்.

"குத்தம் எப்பயோ ஆயிடுச்சு. நீ பேசாத" என்றான்.

அன்று ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை ரத்தப்போக்கு நின்று அவள் கண்ணயர்ந்த பிறகு, திருமால் அடுத்த கட்டடத்துக்குப் போனான். வெளியே பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் அமுதவல்லி முன்னால் போய் நின்றான். அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இவ்ளோ நாளா எங்க போனீங்க?"

"மாலை போட்டிருந்தங்க" என்றான். 

அவர் சீட்டை எடுத்து எழுதினார். மறுபடி காலையில் ரத்தம் எடுக்க வேண்டும், இத்தனை நாள் ஆகியும் திரும்பாவிட்டால் ஊசியா வேறேதுமா என்று பார்க்கலாம், இப்போதே ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு, "போன தடவ வூட்ல சொல்லிட்டன்னு சொன்னீங்களே, மெய்யாலுமே சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க. இன்னிக்குச் சொல்லப் போறன்."

பெண்கள் வார்டில் மதியச் சோறு கொடுத்து முடித்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். திருமால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் கழுத்து வெறுமையாக இருப்பதைக் கோகிலா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"அந்த மாலையெல்லாம் நான் சாமிக்குப் போடல கோகிலா" என்று ஆரம்பித்தான்.

குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வலி மாத்திரை உடம்புக்குள் எதைக் கெடுத்தது என்று சொன்னான். டாக்டரம்மா கூட்டிவரச் சொன்னதையும், சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னதையும் சொன்னான். அவள் மல்லிகை வைத்திருந்த அன்று ஏன் பழனி என்றான் என்பதையும் சொன்னான். முன்னே பின்னே மாற்றி, திக்கித் திணறி, முழுவதையும் சொல்லி முடித்தான்.

"எப்பத்திலருந்து தெரியும்?" என்று கேட்டாள் கோகிலா.

"மாத்திரைய வுட்ட வருசமே தெரியும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று ஏங்கினான். "ரெண்டு வார்த்த திட்டிடு கோகிலா" என்று கேட்டும் பார்த்தான். கிழவி பன்னைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு படுத்தாள். அதற்கப்புறம்தான் கோகிலா சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் என்னென்னமோ நெனச்சன் மாமா. உடம்பு பெருத்துப்போச்சு, அதான் புடிக்கலன்னு ராத்திரி சோத்த வுட்டன். மூஞ்சி கறுத்துப்போச்சுன்னு என்னத்தையோ வாங்கித் தேச்சன். வேற எவளாச்சும் இருக்காளோன்னு உங்க போனக்கூட எடுத்துப் பாத்தன். ஒருத்தியும் இல்ல. அப்பறம்தான், எந்தச் சாமிக்கு நான் என்ன கொற வெச்சனோ, அது எங்கிட்டருந்து உங்களப் புடுங்கிக்கிச்சுன்னு நெனச்சன். தீட்டும் பட்டா இன்னும் கோவிச்சுக்கும்னுதான் அந்த மாத்திரையப் போட்டன்."

 மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எம்மேல ஒண்ணும் இல்லயா?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல கோகிலா. எல்லாம் என்னாலதான்."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான் திருமால். அங்கே வந்தது நிம்மதி. இரண்டு வருடமாகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தவள், தன்மேல் குற்றமில்லை என்ற ஒரு சொல்லுக்கு இப்படி முகம் மலர்ந்தாள். கேட்டிருந்தால் என்றைக்கோ கொடுத்திருக்கக்கூடிய சொல். கேட்காமலேயே கொடுத்திருக்க வேண்டிய சொல். அவளைப் பார்க்க முடியாமல் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குனியாதீங்க" என்றாள் கோகிலா. "எம்மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க."